மோளக்காரனின் ஒரே பாட்டு

“…நம்பர் போட்டது நான்தாண்ணா. வேற யாரையும் கேக்காதீங்க,” என்றாள் அட்டை அக்கா.

அப்போது எங்கள் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். நைனா, அம்மா, அண்ணன், நான், அவள். அவள் சொன்னது பொய் என்று எங்களில் மூன்று பேருக்குத் தெரியும். அந்த மூவரில் வாய் திறந்திருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். திறக்காமல் நின்றதும் அந்த இரண்டு பேர்தான். எனக்கு அப்போது வயது ஒன்பது. வயதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது.

அறுபதை எட்டிப் பார்க்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். பென்சிலை ஓட்டையில் விட்டுக் கேசட்டைச் சுற்றியவர்கள் நீங்கள். செத்துப்போன பேட்டரியை மாடி வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு பாட்டு கறந்தவர்கள். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் பாதியிலேயே “சூப்பர் அத்தை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

போன மாதம் செவிலிமேட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், “அப்பா, நீங்க சொல்வீங்களே, அந்த நாலு பேர் பேண்டு. அதுல யார் யாரு எந்தப் பாட்டு பாடினாங்கன்னு பிரிச்சு, ஒண்ணுல இருந்து கடைசி வரைக்கும் ரேங்க் போட்டு வெச்சிருக்கான்பா ஒருத்தன்,” என்றான்.

“கடைசியில எது?” என்று அண்ணன் கேட்டான்.

“டிரம்மர் பாடினது.”

அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். “பார்த்தியா? வெள்ளைக்காரன் இப்ப சொல்றான். நாங்க பிள்ளையார்பாளையத்துல உட்கார்ந்துக்கினு அப்பவே சொல்லிட்டோம்!” என்று என்னைப் பார்த்தான், நானும் சிரிப்பேன் என்று.

நான் காபியைக் கீழே வைத்தேன். “அட்டை அக்காவை ஞாபகம் இருக்குதா?”

“யாரு?” என்றான்.

நடிக்கவில்லை. எனக்கு அவன் முகம் தெரியும். உண்மையாகவே மறந்திருந்தான். சிலர் இலையில் மறதியைக் கேட்காமலே இரண்டாம் முறையும் பரிமாறிவிடுகிறார்கள். எனக்கு முதல் முறையே வரவில்லை.

கேசட் எங்கள் வீட்டுக்கு வந்தது மாமாவால், அதாவது அம்மாவின் தம்பியால். சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை அவருக்கு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தலையணைக்கு அடியில் விட்டுப் போன கேசட். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது, அதையும் தன் டேப் ரெக்கார்டரையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். “வேற கேசட்டு இல்லையா மாமா?” என்று அண்ணன் கேட்டதற்கு, “ஒத்தைச் சட்டை வெச்சிருக்கிறவனுக்கு எதைப் போடுறதுன்னு குழப்பமே இல்லடா,” என்றார். மாமா அப்படித்தான் பேசுவார்.

பதினாலு பாட்டு. ஒரு சொல்லும் புரியாது. அட்டைப்படத்தில் நான்கு முகங்கள். நால்வருமே பாடுவார்கள், ஆளுக்குத் தக்கபடி. பெயர் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். தாடிக்காரன், ஆறு பாட்டு, தெருவே கேட்கிற தொண்டை. சிரிப்புக்காரன், நான்கு பாட்டு, வெல்லப்பாகு. குனிஞ்சான், மூன்று பாட்டு. படத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான், பாடும்போதும் அப்படியே. நான்காமவன் மோளக்காரன், டிரம் அடிப்பவன். அவனுக்கு ஒரே பாட்டுதான். குரல் கொஞ்சம் கட்டை. மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் எட்டாமல் அப்படியே நின்றுவிடும்.

நான் தாடிக்காரன் கட்சி. அண்ணன் சிரிப்புக்காரன் கட்சி. சோறு தின்னும்போதும் சண்டை, குளிக்கப் போகும்போதும் சண்டை. “எவனோ கத்துறான், நம்ம வீட்டுல ரெண்டு ரத்தம் கொதிக்குது,” என்பாள் அம்மா.

இதற்கு நடுவில்தான் அட்டை அக்கா.

நைனா வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுச் சேலை நெய்தவர். தறி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தானையில் மயிலோ அன்னமோ வர வேண்டுமென்றால், தறிக்கு மேலே ஒரு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் சுற்ற வேண்டும். ஓர் அட்டை, நெசவுக்காரர்கள் பூ என்று சொல்லும் அந்த உருவத்தின் ஒரு வரி. இரண்டாவது வரிக்கு இரண்டாவது அட்டை. கட்டம் போட்ட தாளில் வரைந்த பூவைப் பார்த்து, எந்த இடத்தில் ஓட்டை வர வேண்டும் என்று கணக்கிட்டு, இரும்புத் தகட்டின் மேல் அட்டையை வைத்து உளியால் தட்டுவார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எண் போட்டு அடுக்குவார்கள். அந்த எண் வரிசையில் கயிற்றால் கோர்த்துப் பெட்டியில் மாட்டினால், தறி தானாகப் பறவையை வரைந்துகொள்ளும்.

அதைச் செய்தவள் அவள். முசரவாக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். ஏழு என்ற எண்ணை எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவாள். “இது எதுக்குக்கா?” என்று கேட்டால், “ஒண்ணோட குழம்பக் கூடாதில்ல? ஏழுக்கு இடுப்புல அரைஞாண் கட்டி விட்டிருக்கேன்,” என்பாள். அப்படிப்பட்ட ஆள்.

நடையில் உட்கார்ந்து வேலை செய்வாள். கூடத்துக்குள் வர மாட்டாள். ஜன்னல் விளிம்பில் அவளுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் இருந்தது. அம்மா மேலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். “நம்ம வீட்டுல யாரையும் வித்தியாசமா பாக்குறதில்ல,” என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவள் மனதார நம்பித்தான் சொன்னாள். எங்களுக்கு எவர்சில்வர், அக்காவுக்கு அலுமினியம். அதை நான் ஏன் என்று கேட்டதில்லை. ஜன்னலுக்குக் கம்பி இருப்பதைப் போல அதுவும் இருந்தது.

அவளுக்குத்தான் பாட்டு புரிந்தது. முழுக்க இல்லை, அங்கங்கே. “இவன் இன்னா சொல்றான்னா, ஊரை வுட்டுப் போறேன், கதவைச் சாத்திக்கோங்கன்றான்.” “இது இன்னாக்கா?” “இது சும்மா. ஏய் ஏய்னு மாட்டை ஓட்டுறான்.” தாடிக்காரனைத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

“எங்காளு பாடுறது உனக்குப் புடிக்கலையா?”

“பாடினா புடிக்கும்மா. அவன் கத்துறான். காது கேக்காத மாமியா வீட்டுல வாக்கப்பட்டவன் மாதிரி.”

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்று தொடங்கியது எனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு. அவளுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது.

அவளுடைய ஆள் மோளக்காரன். அந்தப் பாட்டு வந்தால் உளியின் மேல் கட்டை விழும் சத்தம் தானாகத் தாளத்துக்கு வந்துவிடும். டக், டக், டடக். நைனா தறியில் இருந்தபடியே, “ஏம்மா, கச்சேரியா வேலையா?” என்பார். “ரெண்டும்தாண்ணா. கை வேலையில இருக்குது, காலுதான் கச்சேரியில,” என்பாள். நைனாவும் சிரிப்பார். சிரித்தார் என்பதை எழுதி வைக்கிறேன். பிற்பாடு அது அவருக்கு நினைவில் இல்லை.

நாங்கள் பாட்டுகளுக்கு வரிசை போடப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவள் குறுக்கிட்டாள். “ஒண்ணு கேட்டுக்கறேன்பா. மோளக்காரனைக் கடைசியில மட்டும் தள்ளாதீங்க. மத்தவனுங்க பதிமூணு பாட்டுக்கும் அவன் பின்னால உட்கார்ந்து அடிச்சுக்கினு இருக்கிறான். அவனுக்குன்னு குடுத்தது ஒண்ணு. அதையும் கடைசியில வெச்சா, பாவம், வீட்டுல போய் இன்னா சொல்வான்?”

“அவனுக்குப் பாட வரலக்கா,” என்றான் அண்ணன்.

“வரலதான். வராதுன்னு தெரிஞ்சும் பாடுறான் பாரு. நீ பாடுவியா?”

வைகாசியில் கருடசேவை வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடாது. விடியலில் சாமி பார்த்துவிட்டு வந்தோம். நைனாவும் அம்மாவும் உறவுக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அட்டை அக்கா, எடுத்த வேலையை முந்தின நாளே முடித்துக் கட்டி வைத்துவிட்டு, நாலு நாள் வர மாட்டேன் என்று சொல்லிப் போயிருந்தாள். பகல் பதினோரு மணி. வீட்டில் நானும் அண்ணனும் டேப் ரெக்கார்டரும். எப்போதும் தறிச் சத்தத்துக்கு நடுவில் துண்டு துண்டாகக் கேட்ட பாட்டுகளை முழுசாகக் கேட்க அன்றுதான் வாய்த்தது.

“இன்னிக்கு ரேங்க் போட்டுடலாம்,” என்றான் அண்ணன்.

பாட்டுக்கு ஓர் அட்டை என்று முடிவு. தேய்ந்து கழித்த அட்டைகள் மாடிப்படிக்குக் கீழே ஒரு கூடையில் கிடக்கும். எங்களுக்கு அதுதான் சிலேட்டு, அதுதான் விசிறி. திருவிழாவுக்காக அம்மா வீட்டைக் கழுவியபோது, ஈரம் படாமல் இருக்கட்டும் என்று அக்கா கட்டி வைத்திருந்த புது அட்டைகளையும் தூக்கி அதே கூடையின் மேல் வைத்திருந்தாள். நான் மேலிருந்து பதினாலு அட்டைகளை எடுத்தேன்.

பழைய அட்டை மூலை மழுங்கிப் பஞ்சுபோல் இருக்கும். இவை கூராக இருந்தன. கட்டைவிரலில் குத்தியது. தெரியாமல் எடுத்தேன் என்றுதான் இத்தனை வருடம் எனக்கே சொல்லி வந்தேன். விரல் சொன்னதை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டேப் இரண்டாம் பக்கத்தில் நின்றிருந்தது. அதன் முதல் பாட்டு மோளக்காரனுடையது. ஆகவே மேலே இருந்த முதல் அட்டை அவனுக்கு. ஓரத்தில் அடையாளம் போட்டோம்: மோளக்காரனுக்கு வட்டம், தாடிக்குக் கோடு, சிரிப்புக்குப் பிறை, குனிஞ்சானுக்குப் புள்ளி. பாட்டு ஓட ஓட அட்டைகளைத் தரையில் பரப்பி, மேலே ஏற்றி, கீழே இறக்கி, ஒருவர் மண்டையில் ஒருவர் குட்டி, இரண்டு மணி நேரம். முதலிடத்துக்கு மட்டும் அரை மணி நேரச் சண்டை. கடைசி இடத்துக்குச் சண்டையே இல்லை. “அக்கா இல்லையே, வெச்சிடு,” என்றேன் நான். அண்ணன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அட்டைகளில் ஏற்கெனவே ஒன்றிலிருந்து பதினாலு வரை எண் இருந்தது. என்னிடம் வாசனை ரப்பர் ஒன்று இருந்தது, பச்சை நிறம், முகர்ந்தால் பழ மிட்டாய் வாசம். அதைக் கொண்டு பழைய எண்களைச் சுத்தமாக அழித்தேன். இடுப்பில் அரைஞாண் கட்டிய அந்த ஏழையும் அழித்தேன். எங்கள் வரிசைப்படி புது எண் போட்டேன். வட்டம் போட்ட அட்டைக்குப் பதினாலு.

வாசலில் நைனா குரல் கேட்டது. வாரி எடுத்தேன். கட்டின் மேலேயே வைத்துவிட்டு ஓடினோம்.

மறுநாள் நைனா, அவள் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், தானே உட்கார்ந்து எண் வரிசையில் அட்டைகளைக் கோர்த்தார். கல்யாணச் சேலை, முந்தானை மட்டும்தான் பாக்கி, முகூர்த்தம் நெருங்கிவிட்டது. முந்தானையில் வரிசை வரிசையாக அன்னங்கள். நைனா நெய்யும் முறையில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும், மேலே சரிகை நூல் ஓடுவதுதான் தெரியும். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவள் போட்ட எண்ணில் அதுவரை ஒரு தப்பும் வந்ததில்லை.

மூன்றாம் நாள் முந்தானையை முடித்துச் சேலையைக் கடைக்குக் கொடுத்தார். அன்று மாலையே அது திரும்பி வந்தது. நைனா கூடத்தில் விரித்துப் போட்டார். அன்னத்துக்குக் கழுத்து இருந்தது, அலகு இருந்தது, இறக்கை ஒரு சரிகை பிசகாமல் இருந்தது. கால் இல்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் இறைத்துவிட்ட அரிசி மாதிரி பொட்டுப் பொட்டாகச் சரிகை. ஒன்று இரண்டு இல்லை, முந்தானை முழுக்க. அத்தனை அன்னமும் நொண்டி. முதல் பதினாலு அட்டைகள்தான் கால்கள்.

அண்ணன் என் பாதத்தை மிதித்தான். பேசாதே என்று.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அவள் வந்தாள். தலையில் கனகாம்பரம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நைனா அவளைக் கூடத்துக்குள் கூப்பிட்டார்.

“பாட்டுக்குத் தாளம் போட்டுக்கினு நம்பர் போட்டா, நம்பர் எப்படிம்மா நிக்கும்?” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “படிச்ச பொண்ணாச்சேன்னு வெச்சேன். தெருவே சொல்லிச்சு, அந்தப் பக்கத்து ஆளுக்கு இந்த வேலை வேணாம், கை நிக்காதுன்னு. நான்தான் கேக்கல.”

‘அந்தப் பக்கத்து ஆள்’ என்றதும் அவள் காது மடல் சிவந்தது. “அட்டையைக் காட்டுங்கண்ணா,” என்றாள். நைனா முதல் பதினாலையும் காட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஏழாவது அட்டையில் விரல் நின்றது. என் ஏழு. குறுக்குக் கோடு இல்லாத ஏழு. பிறகு கோடு, பிறை, புள்ளி என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசி அட்டையில் வட்டத்தைப் பார்த்தாள்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நீங்கள் நினைக்கிறபடி கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கொடுக்கும்போது டீச்சர் பார்ப்பாரே, பெயர் சரிதானா என்று, அப்படி.

“யாராவது தொட்டாங்களாடா?” என்று அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டாள். கேட்டாள் என்பதுதான் என் தொண்டையில் நிற்கிற முள். யாரும் கேட்காமல் விட்டிருந்தால் எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும்.

அந்த இடத்தில்தான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

எங்கள் நைனா எங்கள் இருவரையும் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அப்படியென்றால் நான் எதற்குப் பயந்தேன்? பல வருடம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன். பயம் பாதிதான். மீதிப் பாதி, “எங்காளைக் கத்துறான்னு சொன்னே இல்ல” என்கிற கணக்கு. ஒன்பது வயசுக்குள் அவ்வளவு கசப்பு இருக்குமா என்று கேட்காதீர்கள். பாகற்காய் பிஞ்சிலும் கசக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சேதி வீடு வீடாகப் போக தறியில் நாடா இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடும் நேரம் போதும். அந்த வாரத்துக்குள் எந்த வீடும் அவளுக்கு அட்டை கொடுக்கவில்லை. பிறகு செங்கல் சூளையில் கல் அடுக்குகிறாள் என்றார்கள். டேப் ரெக்கார்டரை நைனா பரணில் போட்டார். மாமா திரும்பி வந்து கேட்டபோது அதற்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நைனா சாகும்வரை, யாராவது வேலையில் பாட்டுக் கேட்டால் அந்த நொண்டி அன்னக் கதையைச் சொல்வார். சொல்லிவிட்டு, “பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாட்டு பாடினவன் எவனோ, கால் போனது எவளோ கல்யாணப் பொண்ணு சேலைக்கு,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விடுவேன்.

அவள் எங்களைக் காப்பாற்றினாள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிள்ளைகள் மேல் பாசம், பெரிய மனசு என்று. அப்படி நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. பாசம் வைத்தவளுக்குத் திருப்பித் தர வேண்டியது ஒன்றுமில்லை, நன்றியோடு நினைத்தால் போதும். செவிலிமேட்டில் அண்ணன் “யாரு?” என்று கேட்ட நிமிஷத்தில்தான் வேறொன்று உறைத்தது. அவள் வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? “எங்க புள்ளைங்க மேலயா போடுற?” என்றிருப்பார் நைனா. யாரும் வித்தியாசம் பார்க்காத அந்த வீட்டில், வேலையோடு சேர்த்து அவளுக்குப் பொய்க்காரி என்ற பெயரும் கிடைத்திருக்கும். என் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடியில் அவள் அதைத்தான் கணக்குப் போட்டாள். கட்டத்தாளைப் பார்த்து ஓட்டை எங்கே விழும் என்று சொல்கிறவளுக்கு இது பெரிய கணக்கா?

நம்பர் போட்டது நான்தாண்ணா, வேற யாரையும் கேக்காதீங்க என்றாள். சொல்லிவிட்டு, யாரும் போ என்று சொல்வதற்குள், கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்தாள். கயிற்றைப் பிரித்து அந்தப் பதினாலு அட்டைகளையும் கழற்றினாள். கட்டத்தாளை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, ஓட்டைகளை மட்டும் பார்த்து அட்டைகளை வரிசைப்படுத்தினாள். என் பக்கம் கையை நீட்டினாள். பாவாடை முடிச்சிலிருந்து ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். கோட்டை அழித்தாள், பிறையை அழித்தாள், புள்ளியை அழித்தாள், என் எண்களையெல்லாம் அழித்துத் தன் எண்களைப் போட்டாள். வட்டம் போட்ட அட்டையில் பதினாலை மட்டும் அழித்தாள். வட்டத்தைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் ஒன்று என்று எழுதி, அதை முதலில் வைத்துக் கோர்த்து, முடிச்சை இழுத்துப் பார்த்து, நைனாவின் காலடியில் வைத்தாள். ரப்பரை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். பிறகு நடைக்குப் போய், ஜன்னல் விளிம்பில் இருந்த அலுமினிய டம்ளரை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.